ஹேங்கரில் நிற்கும் சின்ன விமானத்தில் பூஞ்சை: அடிக்கடி வரும் கேள்விகள்

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஒன்று, வெளியே ஐப்பசி அடைமழை. எங்கள் ஃப்ளையிங் கிளப்பின் நிலைமை இவ்வளவுதான். நான் விமானம் ஓட்டுகிற ஆள் இல்லை. திறப்பது, துடைப்பது, மூடுவதுதான் என் வேலை. மழைக்காலம் தொடங்கினால் தெரிந்தவர்கள் போன் செய்து அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கொட்டகைக்குள்தானே நிற்கிறது, ஒரு சொட்டு மழைகூடப் படவில்லை, அப்புறம் எப்படிப் பூஞ்சை வருகிறது?

மழைத் தண்ணீரே வேண்டாம், காற்றில் இருக்கிற ஈரம் போதும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் அது 23 கிராம்தான். இப்போது பாருங்கள்: இரவெல்லாம் குளிர்ந்த அலுமினியத் தகடு காலையிலும் 25 டிகிரியிலேயே இருக்கிறது, வெளியே வெயில் ஏறிவிட்டது, கதவைத் திறந்ததும் 30 டிகிரிக் காற்று 80 சதவீத ஈரப்பதத்தோடு, அதாவது 24 கிராம் நீராவியைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறது. தகட்டைத் தொடும் இடத்தில் அதனால் 23 கிராமுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, மிச்சம் தண்ணீராக இறங்குகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்க்கிறதே, அதேதான். தகரக் கூரை இன்னும் மோசம், தெளிந்த இரவில் அது காற்றைவிடவே குளிர்ந்துபோகும், விடியற்காலையில் இறக்கை மேல் சொட்டுச் சொட்டாக விழும்.

இப்படி நனைய வேண்டும் என்றுகூட இல்லை. கேபினுக்குள் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றாலே பூஞ்சைக்குப் போதும். வித்துகள் எல்லாக் காற்றிலும் இருக்கின்றன, சாப்பாட்டை நாமே வைத்திருக்கிறோம்: இருக்கையில் ஊறிய வியர்வை, தூசி, பயிற்சி மாணவர் சிந்திய பிஸ்கட் தூள். அதனால் "எங்கிருந்து வந்தது" என்று தேடாதீர்கள். ஈரம் எங்கே தங்குகிறது என்று தேடுங்கள்.

முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

மூக்கால் பாருங்கள். கதவைத் திறந்த முதல் மூச்சில் பழைய புத்தக அலமாரி வாசனை வந்தால் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நிமிடம் கழித்து மூக்கு பழகிவிடும், தெரியாது.

அப்புறம் கண். சீட் பெல்ட்டின் மடிப்பு, இருக்கையின் அடிப்பக்கம், பின்னிருக்கைக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடம், கதவுப் பை, வெயில் மறைப்புத் தட்டு, விமானத்தைத் திருப்பும் கைப்பிடியான யோக். விமானி கையேட்டை இருக்கைப் பையில் வைத்திருந்தால் அதன் அட்டையில் கட்டாயம் இருக்கும். ஆனால் நிஜமான பிரச்சினை கண்ணில் படாத இடத்தில்தான்: தரைவிரிப்புக்கு அடியில். பழைய செஸ்னாக்களில் கண்ணாடியின் ஓரத்திலோ கதவு ரப்பரிலோ இறக்கை சேரும் இடத்திலோ நீர் கசிவது சகஜம், அந்தத் தண்ணீர் நேராக விரிப்புக்கு அடியில் போய் உட்காரும். விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் மேலே மட்டும் துடைத்தால் மூன்று வாரத்தில் திரும்ப வரும். பக்கச் சுவர்த் தகட்டுக்குப் பின்னால் சத்தம் குறைக்க ஒட்டிய ஸ்பாஞ்சும் அப்படித்தான், நனைந்தால் ஈரத்தை அலுமினியத்தின் மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். விமானத்தின் அடிவயிற்றில் உள்ள வடிகால் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பல நேரம் தூசியும் கிரீஸும் சேர்ந்து அடைத்திருக்கும்.

வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. இது பூஞ்சையா, உலோக அரிப்பா?

நல்ல கேள்வி, ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. துணி, தோல், பிளாஸ்டிக் மேல் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. ஈரத் துணியால் தொட்டதும் இழுபட்டு வந்துவிடும், அடியில் பரப்பு வழவழப்பாகவே இருக்கும். அலுமினியத்தின் மேல் வெள்ளை மாவு மாதிரி இருந்து, துடைத்த பிறகு விரலுக்குச் சொரசொரப்பாகவோ குழியாகவோ தெரிந்தால் அது அரிப்பு. பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல மெல்லிய கோடுகள் ஓடினாலும் அரிப்புதான், ரிவெட் தலைகளைச் சுற்றியும் தகட்டின் ஓரங்களிலும் அதிகம் வரும். அரிப்பு என்று சந்தேகம் வந்தால் உங்கள் கையை எடுத்துவிட்டு விமானப் பராமரிப்புப் பொறியாளரை, அதாவது ஏ.எம்.இ.யைக் கூப்பிடுங்கள். விமானத்தின் அடிப்பக்கம் கறுப்பாகக் கோடு போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது புகைக்குழாய்க் கரி.

வீட்டில் பாத்ரூம் பூஞ்சைக்கு பிளீச்சிங் போடுகிறோமே, இங்கேயும் போடலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பிளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட், அதில் உள்ள குளோரைடு அலுமினியத்தைக் குழி குழியாகத் தின்னும். நீங்கள் துடைத்தது இருக்கையை மட்டும்தான் என்றாலும் வழிந்த சொட்டு தரைத் தகட்டின் இணைப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆறு மாதம் கழித்து ஆய்வில்தான் தெரியும். சீட் பெல்ட் நூலையும் அது பலவீனமாக்கும். பூஞ்சை விமானத்தை அசிங்கப்படுத்தும், பிளீச் அதைப் பழுதாக்கும்.

வினிகரும் அமிலம்தான், உலோகம் பக்கத்தில் வேண்டாம். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு துணிக்கு ஓரளவு சரி, ஆனால் சாயத்தை வெளுக்கும், மறைவான மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரைக் கேபினுக்குள் கொண்டுபோகவே வேண்டாம், காரணம் கீழே.

சரி, எதைத்தான் போடுவது? எப்படிச் சுத்தம் செய்வது?

மிதமான சோப்புத் தண்ணீர். ஏமாற்றமாக இருக்கும், ஆனால் அதுதான். பூஞ்சையைக் "கொல்வது" இங்கே குறிக்கோளே இல்லை, செத்த பூஞ்சையும் மூக்கை அரிக்கும். அதை அங்கிருந்து எடுக்க வேண்டும், பிறகு அந்த இடத்தைக் காயவைக்க வேண்டும், அவ்வளவே.

நான் செய்யும் முறை இது. வெயிலும் காற்றும் உள்ள நாளில், காலை பத்து மணிக்கு மேல், விமானத்தை வெளியே இழுத்து நிறுத்திக் கதவுகளைத் திறந்து வைப்பேன். மாஸ்டர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா, சாவி வெளியே இருக்கிறதா என்று பார்ப்பேன். என்95 மாஸ்க், கையுறை, கண்ணாடி. நெஞ்சுச் சளி, ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

காய்ந்த பூஞ்சையைத் தட்டாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள், கேபின் முழுக்கப் பரவிவிடும். நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம் கிளீனரால் மெதுவாக உறிஞ்ச வேண்டும். சாதாரண வேக்குவம் முன்னால் இழுத்ததைப் பின்னால் ஊதிவிடும், எங்கள் கிளப்பில் ஒரு முறை அப்படிச் செய்து ஒரு மூலையில் இருந்த பூஞ்சையைக் கேபின் முழுவதற்கும் பங்கு போட்டுக் கொடுத்தோம்.

அடுத்து சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி. எதன் மேலும் நேரடியாகத் தெளிக்கக் கூடாது, துணியில் தெளித்துத் துணியால்தான் தொட வேண்டும். கருவிப் பலகை, ரேடியோ, சுவிட்ச் பக்கம் துணி ஈரமாக இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தாலே அது அதிக ஈரம். ஒவ்வொரு இடத்துக்கும் துணியின் புதுப் பக்கம், பிறகு வெறும் தண்ணீர்த் துணி, பிறகு காய்ந்த துணி. உலோகச் சட்டங்கள், பக்கிள் போன்றவற்றுக்கு மட்டும் கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி, அதுவும் வெளியே நிற்கும்போது, கதவு திறந்திருக்கும்போது, பக்கத்தில் எரிபொருள் வேலை எதுவும் நடக்காதபோது. தோல் இருக்கையில் ஆல்கஹால் வேண்டாம், வறண்டு வெடிக்கும்.

தரைவிரிப்பு, ஸ்பாஞ்சு, செம்மறித் தோல் உறை ஆகியவற்றில் பூஞ்சை உள்ளே இறங்கியிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். ஆனால் தெருமுனைக் கடைத் துணியில் தைத்துவிட முடியாது, விமானத்துக்குள் போடும் துணி தீப்பற்றாத சோதனையில் தேறியதாக இருக்க வேண்டும், சான்றும் வேண்டும்.

இருக்கையைக் கழற்றினால் வேலை சுலபம், நானே கழற்றலாமா?

வேண்டாம். செஸ்னா இருக்கை தண்டவாளத்தில் ஓடுகிறது, பூட்டு சரியாக விழாவிட்டால் மேலெழும்போது இருக்கை பின்னால் சறுக்கும், விமானியின் கை யோக்கைப் பிடித்தபடி கூடவே போகும். இதனால் விபத்துகள் நடந்து, அமெரிக்காவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.ஏ.ஏ. 1987-லேயே இந்தத் தண்டவாளங்களையும் பூட்டு ஊசிகளையும் பரிசோதிக்கச் சொல்லி ஆணை போட்டது, 2011-இல் அதைப் புதுப்பித்தது. ஏ.எம்.இ. கழற்றட்டும், அவரே மாட்டிக் கையெழுத்துப் போடட்டும். அடுத்த ஆய்வு எப்போது என்று கேட்டு, இருக்கைகள் எப்படியும் வெளியே வரும் அந்த நாளில் நீங்களும் வாளியோடு போய் நில்லுங்கள்.

ஜன்னலில் ஓரமாகப் படிந்திருக்கிறது. கோலின் அடிக்கலாமா?

அது கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். அமோனியா, ஆல்கஹால், பெட்ரோல், தின்னர் எது பட்டாலும் நுண்ணிய வெடிப்புகள் விழும், வெயிலுக்கு எதிராகப் பறக்கும்போது முழுக்கக் கண் கூசும். நிறையத் தண்ணீர் விட்டு முதலில் தூசியைக் கரைத்து, வெறும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், மணல் இருந்தால் கைக்குத் தெரியும். பிறகு சோப்புத் தண்ணீர், மென்மையான பருத்தித் துணி, வட்டமாகத் தேய்க்காமல் மேலும் கீழுமாக. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

சீட் பெல்ட்?

வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு, நிழலில் உலர்த்தல். கறை போகவில்லை, நூல் பிரிகிறது, விறைப்பாக இருக்கிறது என்றால் மாற்றச் சொல்லுங்கள். உயிரைக் கட்டுகிற கயிற்றில் சிக்கனம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

வெளிப்பக்கத்தையும் கழுவலாமா? எதை மூட வேண்டும்?

கழுவலாம். காற்றழுத்தத்தை வைத்து வேகமும் உயரமும் காட்ட உதவும் பிட்டாட் குழாயிலும் ஸ்டாட்டிக் துளைகளிலும் தண்ணீர் போகக் கூடாது, மூட வேண்டும். ஆனால் மூடியதைத் திறக்க மறப்பது மூடாமல் விடுவதைவிட ஆபத்து. 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு போயிங் 757-ஐக் கழுவும்போது ஸ்டாட்டிக் துளைகளின் மேல் ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். இருட்டில், கடலுக்கு மேலே, உயரமும் வேகமும் எல்லாம் பொய் சொல்ல, 70 பேரும் இறந்தார்கள். அதே வருடம் பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் பிர்கன்ஏர் 757 விழுந்ததற்கு நேர்மாறான காரணம்: பல நாள் மூடாமல் நின்ற பிட்டாட் குழாய் அடைத்துக்கொண்டது, குளவி கூடு கட்டியிருக்கலாம் என்றார்கள். நம் ஊர்க் குளவிகளுக்கும் பிட்டாட் குழாய் ரொம்பப் பிடிக்கும்.

நான் செய்வது, சிவப்புத் துணி தொங்கும் மூடிகளை மட்டுமே போடுவது, எத்தனை போட்டேன் என்று கையில் பேனாவால் எழுதிக்கொள்வது. எண்ணிக்கை சரியாக வரும்வரை விமானத்தை விட்டு நகருவதில்லை.

திரும்ப வராமல் இருக்க என்ன செய்வது? காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் வாங்கலாமா?

முதலில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கிக் கேபினுக்குள் வையுங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்தால் உங்கள் கொட்டகை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். 60-க்குக் கீழே இருந்தால் நிம்மதி.

கொட்டகை முழுவதற்கும் டீஹியூமிடிஃபையர் போடுவது கடலை வற்றவைக்கும் முயற்சி. கதவுக்கு அடியில் கை நுழையும் இடைவெளி இருக்கிறது, வங்காள விரிகுடா முழுவதும் அந்த வழியாக வந்துகொண்டே இருக்கும். கேபின் மட்டும் சின்ன இடம், அதைக் காயவைக்கலாம். பெரிய விமானப்படைகள்கூட நிறுத்திவைத்த விமானங்களுக்குக் குழாய் வழியாக உலர்ந்த காற்றைக் காக்பிட்டுக்குள் விடுகின்றன. நம் வெப்பத்துக்கு, காற்றைக் குளிரவைத்து ஈரத்தை இறக்கும் கம்பிரஸர் வகை டீஹியூமிடிஃபையரே போதும், ஆனால் இயந்திரத்தை விமானத்துக்கு வெளியே தரையில் வைத்து, எர்த் சரியாக உள்ள இணைப்பில், எரிபொருள் ஆவி தேங்காத இடத்தில் ஓட்ட வேண்டும். இரவெல்லாம் ஆளில்லாமல் ஓட விடாதீர்கள். கேபினுக்குள் ஹீட்டர், பல்பு எரியவிடுவது வேண்டவே வேண்டாம்.

மின்சாரம் இல்லாத கொட்டகை என்றால் சிலிக்கா ஜெல். நீலமாக இருந்து ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகும் வகை பார்த்தாலே தெரியும், 120 டிகிரி அளவில் அவனில் வைத்து எடுத்தால் மறுபடி நீலமாகும், ஆனால் நிறம் மாற்றுவது கோபால்ட் உப்பு என்பதால் சமையல் செய்கிற அவனைப் பயன்படுத்த வேண்டாம். கையளவு பாக்கெட் போதாது, கிலோ கணக்கில் வேண்டும், கதவு இடுக்குகளும் மூடியிருக்க வேண்டும்.

சூப்பர் மார்க்கெட்டில் அலமாரிக்கு விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா இருக்கிறதே, மேலே வெள்ளை உருண்டை, கீழே தண்ணீர் சேரும், அதை வைக்காதீர்கள். அது கால்சியம் குளோரைடு, சேரும் தண்ணீர் அடர்த்தியான உப்புக் கரைசல். நான் ஒரு மழைக்காலத்தில் பெருமையாக இரண்டு வைத்தேன், யாரோ விமானத்தைத் தள்ளியபோது ஒன்று கவிழ்ந்தது, விரிப்பைப் பிரித்துத் தரைத் தகட்டை நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பத் துடைப்பதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

செலவே இல்லாத வழியும் உண்டு: மதிய வெயிலில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் வெளியே நிறுத்தி ஜன்னலைத் திறந்து வைத்து, வெயில் தாழ்வதற்குள் உள்ளே தள்ளி மூடிவிடுவது. காலை ஏழு மணிக்குத் திறக்காதீர்கள், அந்த நேரத்துக் காற்றுதான் இருப்பதிலேயே ஈரமானது. ஹெட்செட், வரைபடம், லாக் புத்தகம், லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ எடுத்துப் போங்கள், பூஞ்சைக்கு ஹெட்செட் ஸ்பாஞ்சுதான் விருந்து.

அரிசோனாவில் டூசான் பக்கத்திலும் ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலும் விமானங்களை வருடக்கணக்கில் நிறுத்துகிறார்கள் என்றால் காரணம் பாலைவனம்தான். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடினால்?

உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது, நீங்களே நாற்றங்கால் போட்ட மாதிரி. காற்று புகும் துணி உறை மட்டும், அதுவும் விமானம் நன்றாகக் காய்ந்த பிறகு. கூரை சொட்டினால் தார்ப்பாயை விமானத்தின் மேல் போடாமல், கூரைக்குக் கீழே சாய்வாகக் கட்டுங்கள்.

வாரம் ஒரு முறை என்ஜினைத் தரையிலேயே ஐந்து நிமிடம் ஓட்டினால் எல்லாம் காய்ந்துவிடும் என்கிறார்களே?

நேர்மாறு. எரியும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது, அதில் கொஞ்சம் என்ஜினுக்குள் தங்கி எண்ணெயில் கலக்கும். அதை விரட்ட எண்ணெய் நன்றாகச் சூடாக வேண்டும், என்ஜின் தயாரிக்கும் லைகமிங் நிறுவனம் சொல்வது 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 74 முதல் 93 டிகிரி செல்சியஸ், அதுவும் ஒரு மணி நேரம் பறந்து. தரையில் ஓட்டுவது அதற்கு ஈடாகாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பறக்க வாய்ப்பே இல்லையென்றால் ஏ.எம்.இ.யிடம் சொல்லிப் பாதுகாப்பு எண்ணெயும் ஈரம் உறிஞ்சும் பிளக்குகளும் போட்டு நிறுத்துங்கள். கேபின் பூஞ்சைக்கும் பறப்பது நல்ல மருந்துதான், காற்றோட்டத் துளைகளைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் பறந்தால் வாசனை பாதி போய்விடும்.

எரிபொருளில் பூஞ்சை வளருமாமே?

அது வேறு குடும்பக் கதை. மண்ணெண்ணெய் வகை ஜெட் எரிபொருளில், டாங்கின் அடியில் தேங்கும் தண்ணீரும் எரிபொருளும் சந்திக்கும் இடத்தில் ஒரு வகைப் பூஞ்சை வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். ஜெட் எரிபொருளில் ஓடும் டயமண்ட் போன்ற டீசல் என்ஜின் விமானம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். சின்ன விமானங்களுக்கான, ஈயம் கலந்த பெட்ரோலான ஆவ்கேஸில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பூஞ்சைக்கொல்லியை அளவு தவறிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் லண்டன் கேட்விக்கிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் ஏ321 சாட்சி: சொன்ன அளவைப்போல 38 மடங்கு காத்தான் என்ற மருந்தை ஊற்றியிருந்தார்கள், இரண்டு என்ஜினும் தடுமாற, விமானம் உடனே திரும்பி வந்து இறங்கியது. நம் வேலை எளிது, ஒவ்வொரு முறையும் டாங்கின் வடிகாலில் எரிபொருளைக் கொஞ்சம் பிடித்துப் பார்த்துத் தண்ணீரை வெளியேற்றுவது.

மரம், துணி போர்த்திய பழைய விமானம் என்றால்?

அங்கே பூஞ்சை அழகுப் பிரச்சினை இல்லை, கட்டமைப்புப் பிரச்சினை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் உளுக்கத் தொடங்கலாம், பசை விட்டுப்போகலாம். 1944 இறுதியில் இந்தியாவில் இருந்த மரத்தால் ஆன மாஸ்கிட்டோ போர்விமானங்களில் சில இறக்கை உடைந்து விழுந்ததால் எல்லாவற்றையும் தரையில் நிறுத்தினார்கள், பருவமழை காரணமா தொழிற்சாலையில் ஒட்டிய விதம் காரணமா என்று அப்போதே சண்டை. பருத்தித் துணி போர்த்தும் காலத்தில் துணியை இறுக்கும் டோப் என்ற திரவத்தின் முதல் பூச்சிலேயே பூஞ்சைக்கொல்லி கலப்பார்கள், இன்றைய பாலியஸ்டர் துணிக்கு அது தேவைப்படுவதில்லை. மரத்தில் கறுப்புக் கறையோ, விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும் இடமோ தெரிந்தால் துடைக்கவே வேண்டாம், அப்படியே ஏ.எம்.இ.யிடம் காட்டுங்கள். துடைத்தால் அவர் பார்க்க வேண்டிய தடயம் போய்விடும்.

எல்லாம் செய்தாயிற்று, வாசனை மட்டும் போகவில்லை. ஓசோன் மெஷின் வைக்கலாமா?

ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும், கதவு ஓரமெல்லாம் ரப்பர்தான், வேண்டாம். வாசனை போகவில்லை என்றால் பூஞ்சை போகவில்லை. பெரும்பாலும் காற்று வரும் மடிப்புக் குழாய்க்குள் இருக்கும், அதைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். அதுவரை ஏர் ஃப்ரெஷ்னர் தொங்கவிட்டால் மல்லிகைப்பூவும் பூஞ்சையும் கலந்த ஒரு வாசனை வரும், பயிற்சி மாணவர்கள் வாந்தி எடுக்க அதுவே போதும்.